எந்த 24-70 வாங்குவது?

கல்யாணத்தில் படம் எடுப்பவரின் கேமராவைப் பாருங்கள், பத்திரிகைப் புகைப்படக்காரரின் கேமராவைப் பாருங்கள். பெரும்பாலும் அதில் மாட்டியிருப்பது 24-70 மி.மீ. எஃப்/2.8 லென்ஸாகத்தான் இருக்கும். தொழிலில் இதை 'ஸ்டாண்டர்டு ஜூம்' என்பார்கள். பையில் வேறு எத்தனை லென்ஸ் இருந்தாலும் பாடியில் நிரந்தரமாகக் குடியிருப்பது இதுதான். கேமராவின் விலைக்கு நிகராகப் பணம் விழுங்குவதும் இதுதான். அதனால் தேர்வு தப்பினால் நட்டம் பெரிது.

சோனி ஃபுல் ஃபிரேம் கேமரா வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். அவர் முன்னால்தான் கடை இன்று அதிகம் விரிந்து கிடக்கிறது. சோனி 2016இல் வெளியிட்ட 24-70 ஜி மாஸ்டர். 2022இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு. சிக்மாவின் 24-70 ஆர்ட், முதல் பதிப்பு 2019, இரண்டாவது 2024. டாம்ரானின் 28-75, முதலில் 2018, பிறகு 2021. அத்தனையும் எஃப்/2.8. பக்கத்திலேயே சோனியின் 24-105 எஃப்/4. வெளிவந்தபோது அமெரிக்காவில் ஜி மாஸ்டர் இரண்டாம் பதிப்பின் விலை 2,299 டாலர். சிக்மாவின் முதல் பதிப்பு 1,099 டாலர். டாம்ரானின் இரண்டாம் பதிப்பு 899 டாலர். ஒரே வேலைக்கு வந்த லென்ஸ்கள்தான், விலையில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எது ஷார்ப்?" இந்த வரிசை லென்ஸ்களைப் பொறுத்தவரை அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் உறுதியான எண்ணம். எவ்வளவு வெளிச்சம் உங்களுக்குத் தேவை, எவ்வளவு அகலம் தேவை, எவ்வளவு நேரம் கையில் பிடிக்கப் போகிறீர்கள், கையில் வந்து சேர்ந்த அந்த ஒரு லென்ஸ் ஒழுங்காகக் கோக்கப்பட்டிருக்கிறதா, இவைதான் படத்தில் தெரியும் வேறுபாடுகள். ஏன் என்று பார்ப்போம்.

அகலத்திலிருந்து தொடங்குகிறேன், கணக்கு எளிது என்பதால். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அகலம் 36 மி.மீ., உயரம் 24 மி.மீ. கேமராவிலிருந்து எடுக்கும் பொருள் இருக்கும் தூரத்தை 36 ஆல் பெருக்கி, லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் படத்துக்குள் எவ்வளவு அகலம் அடங்கும் என்பது தெரிந்துவிடும். மண்டபத்தில் மேடை மேல் உறவினர்கள் வரிசையாக நிற்கிறார்கள். படம் எடுப்பவருக்குப் பின்னால் வீடியோக்காரர், அவருக்குப் பின்னால் முதல் வரிசை நாற்காலி. ஓர் அடி பின்னால் போக வழியில்லை. தூரம் 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மி.மீ.யில் 4.5 மீட்டர் அகலம் அடங்கும். 28 மி.மீ.யில் 3.86 மீட்டர். இடையில் விழும் 64 செ.மீ. ஓர் ஆள் தாராளமாக நிற்கும் இடம். வரிசையின் ஓரத்தில் நிற்கும் பெரியப்பா முழுசாக வருகிறாரா, தோளோடு வெட்டுப்படுகிறாரா என்பதை அந்த 4 மி.மீ. தீர்மானிக்கிறது.

மறுமுனையில் அப்படியில்லை. அதே 3 மீட்டரில் 70 மி.மீ. லென்ஸ் 1.54 மீட்டரைப் பிடிக்கும், 75 மி.மீ. 1.44 மீட்டரைப் பிடிக்கும். பத்து செ.மீ. வித்தியாசம், அரை எட்டு முன்னால் வைத்தால் தீர்ந்தது. ஆகவே 28-75 என்பதைப் பார்த்து, "கீழே நாலு போனாலும் மேலே ஐந்து கிடைக்கிறதே" என்று கணக்குப் போடாதீர்கள். அகலப் பக்கத்து ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எடை அதிகம்.

அதோடு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 24 மி.மீ. இருக்கிறது என்பதற்காக எல்லாக் குழுப் படத்தையும் அதில் எடுப்பது நல்லதல்ல. நேர்கோட்டை நேர்கோடாகக் காட்டும் எந்த லென்ஸும் ஓரத்துப் பொருளை இழுத்து அகலமாக்கும். 24 மி.மீ.யில் படத்தின் இடது, வலது விளிம்பில் நிற்பவரின் தலை, உயரத்தை ஒப்பிட 25 விழுக்காடு அகலமாகிவிடும். இது லென்ஸின் குறை அல்ல, வடிவியல். விலை உயர்ந்த லென்ஸ் வாங்கினாலும் மாறாது. பின்னால் போக இடமிருந்தால் 35 மி.மீ.க்கு வாருங்கள், ஓரத்தில் நிற்கும் அத்தை உங்களை வாழ்த்துவார்.

இந்த வகை லென்ஸ் செய்வது ஏன் கடினம், ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் சற்றுத் தடுமாறுகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஜூமின் உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கு விற்பனைக்கு வந்த முதல் ஜூம், 1959இல் வெளியான வாய்க்ட்லேண்டர் ஜூமார். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஃபிராங்க் பேக் வடிவமைத்தது. அளவு 36-82 மி.மீ., திறப்பு எஃப்/2.8. இன்றைய ஸ்டாண்டர்டு ஜூமின் எண்களுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். ஆறு பத்தாண்டுகளுக்கு மேலாகத் துறை அந்த ஒரே கணக்கைத்தான் திரும்பத் திரும்பத் திருத்திப் போட்டுக்கொண்டிருக்கிறது.

கணக்கு இதுதான். லென்ஸுக்குள் கண்ணாடித் துண்டுகள் சில தொகுதிகளாக இருக்கும். ஒரு தொகுதியை முன்னும் பின்னும் நகர்த்தினால் குவியத் தொலைவு மாறும். ஆனால் அதே நகர்வில் பிம்பம் விழும் இடமும் சென்சாரை விட்டு விலகிவிடும். அதைத் திரும்ப இழுத்து வர இன்னொரு தொகுதி வேறொரு வேகத்தில் நகர வேண்டும். நீங்கள் ஜூம் வளையத்தைத் திருகும்போது உள்ளே குழாயில் வெட்டியிருக்கும் வளைவான பள்ளங்கள் இந்தத் தொகுதிகளை ஒன்றுக்கொன்று ஒத்திசைவாக நடத்திச் செல்கின்றன. ஒவ்வொரு நிலையிலும் கண்ணாடிகளின் பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்ட வேண்டும். 24இல் நேர்கோடு வெளிப்பக்கம் பிதுங்கப் பார்க்கும், 70இல் உட்பக்கம் வளையப் பார்க்கும். ஒரு முனையைச் சரிசெய்தால் மறு முனை கொஞ்சம் கெடும். வடிவமைப்பாளர் எங்கே விட்டுக்கொடுத்தார் என்பதுதான் ஒரே எண் கொண்ட இரண்டு லென்ஸ்களுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு. ஒன்று அகலத்தில் வலுவாக இருக்கும், இன்னொன்று 70இல். நீங்கள் எந்த முனையில் அதிகம் வாழ்கிறீர்கள் என்று தெரியாமல் "எது மேல்" என்று கேட்பதில் பொருளில்லை.

எஸ்எல்ஆர் காலத்தில் இன்னொரு தடையும் இருந்தது. நடுவில் ஆடி ஏறி இறங்க வேண்டும் என்பதால் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே கேனான் இஎஃப் மவுன்டில் 44 மி.மீ., நிக்கான் எஃப் மவுன்டில் 46.5 மி.மீ. இடைவெளி. ஆடியை எடுத்துவிட்ட கேமராக்களில் சோனிக்கு 18, கேனான் ஆர்எஃப்புக்கு 20, நிக்கான் இசட்டுக்கு 16. பின்பக்கக் கண்ணாடியைச் சென்சாருக்கு அருகே பெரிதாக வைக்க முடிந்ததும் அகலப் பக்கத்து மூலைகள் நன்றாகத் தேறின. புது லென்ஸ்கள் எல்லாமே நன்றாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

இனி வெளிச்சம். எஃப்/2.8 என்பது குவியத் தொலைவைத் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. 70 மி.மீ.யில் எஃப்/2.8 என்றால் திறப்பின் விட்டம் 25 மி.மீ. எஃப்/4 என்றால் 17.5 மி.மீ. விட்டம் கொஞ்சம்தான் குறைகிறது, பரப்போ பாதியாகிறது. உள்ளே வரும் ஒளியும் பாதி. இதைத்தான் ஒரு 'ஸ்டாப்' என்கிறோம். அந்த ஒரு ஸ்டாப்புக்காகத்தான் கண்ணாடியும் எடையும் பணமும்.

அது எங்கே உதவும்? தாலி கட்டும் நேரம். கெட்டிமேளம் ஒலிக்கிறது, நாலாபுறமிருந்தும் அட்சதை பறக்கிறது, மணமகனின் விரல்கள் முடிச்சில் அசைகின்றன, பின்னால் நாத்தனாரின் கை முன்னே நீள்கிறது. மொத்தமே சில வினாடிகள். திரும்ப எடுக்க முடியாத வினாடிகள். விரல் மங்கலாகாமல் நிற்க ஷட்டர் 1/250 வினாடியாவது வேண்டும். மண்டபத்து விளக்கில் எஃப்/2.8க்கு ஐஎஸ்ஓ 3200 தேவைப்பட்டால், எஃப்/4க்கு 6400 தேவைப்படும். இல்லையென்றால் ஷட்டரை 1/125க்கு இறக்க வேண்டும், விரல் இழுபடும்.

ஐஎஸ்ஓ ஏறினால் புள்ளி புள்ளியாக வருவதற்கு கேமராவை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒளி சீராக வருவதில்லை. முற்றத்தில் இரண்டு கிண்ணங்களை வைத்து ஒரு நிமிடத் தூறலைப் பிடித்தால் இரண்டிலும் துளிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. மழை வலுக்க வலுக்க அந்த வித்தியாசம் விகிதத்தில் சுருங்கும். சென்சாரின் பிக்சல்களில் ஒளித்துகள்கள் விழுவதும் அப்படித்தான். ஒளி இரண்டு மடங்கானால் சிக்னலுக்கும், புள்ளிகளாகத் தெரியும் அந்த இரைச்சலுக்கும் உள்ள விகிதம் சுமார் 1.4 மடங்கு தேறும். பெரிய மாயமெல்லாம் இல்லை. பழைய கேமராவில் கண்ணில் படும், இன்றைய கேமராவில் இரைச்சலைக் குறைக்கும் மென்பொருளோடு சேர்ந்தால் பல நேரம் வாடிக்கையாளர் கண்ணில் படாது. ஆனால் முகூர்த்தம் போல வெளிச்சமும் குறைந்து அசைவும் இருக்கும் இடத்தில் அந்த ஒரு ஸ்டாப்பைத் தரும் வேறு வழி கிடையாது.

கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்பார்கள். அது கேமராவின் அசைவைத்தான் ஈடுகட்டும், மணமகனின் விரலை அல்ல. சோனியில் ஏ7 இரண்டாம் பதிப்பு முதல் பாடிக்குள்ளேயே அந்த வசதி வந்துவிட்டதால், லென்ஸில் அது இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். அசையாத கோயில் மண்டபத்தை 1/15 வினாடியில் கையில் பிடித்து எடுக்க அது அருமையான உதவி. அந்த வேலைக்கு எஃப்/4 லென்ஸே போதும்.

எஃப்/2.8இன் இன்னொரு பயன் பின்னணி மங்குவது. அதற்கும் ஒரு விலை உண்டு. 70 மி.மீ.யில் 2 மீட்டர் தூரத்தில் இருப்பவரை எஃப்/2.8இல் எடுத்தால் தெளிவாகத் தெரியும் ஆழம் 13 செ.மீ. அளவு. எஃப்/4இல் 19 செ.மீ. மணமக்கள் இருவரில் ஒருவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் 13 செ.மீ. போதாது, ஒருவர் கண் தெளிவாக இருக்கும், மற்றவர் கண் இருக்காது. எனவே எஃப்/2.8 லென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, இருவர் படங்களை எஃப்/4இலும் 5.6இலும் எடுப்பவர்களே அதிகம். அப்படி எடுப்பது சரியும்கூட.

கூர்மைக்கு வருகிறேன். நிறுவனங்கள் வெளியிடும் எம்டிஎஃப் வரைபடத்தைப் பலர் மதிப்பெண் பட்டியல் போலப் பார்க்கிறார்கள். அதில் கிடைமட்ட அச்சு படத்தின் மையத்திலிருந்து மூலை வரையிலான தூரம், 0 முதல் 21.6 மி.மீ. வரை. செங்குத்து அச்சு, கறுப்பு வெள்ளைக் கோடுகளின் வேறுபாட்டை லென்ஸ் எவ்வளவு காப்பாற்றுகிறது என்பது. வழக்கமாக ஒரு மி.மீ.க்கு 10 கோட்டு ஜோடி, 30 கோட்டு ஜோடி என இரண்டு வகைக் கோடுகளுக்குப் போடுவார்கள். முதலாவது படத்தின் பளிச்சென்ற தன்மையையும் இரண்டாவது நுண்விவரத்தையும் காட்டும். பல நிறுவனங்கள் கணினியில் கணக்கிட்ட வரைபடத்தையே வெளியிடுகின்றன; தொழிற்சாலையிலிருந்து வந்த லென்ஸை அளந்து போட்டதல்ல. ஒரு நிறுவனத்தின் வரைபடத்தை இன்னொன்றோடு ஒப்பிடுவதும் சரிவராது, கணக்கிடும் முறை வேறுபடும். ஒரே நிறுவனத்தின் பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிட மட்டும் அதை நம்பலாம்.

அப்படி ஒப்பிட்டுக் கண்ட வேறுபாடும் எல்லாத் திறப்பிலும் நிற்காது. ஒளி அலையாக இருப்பதால் ஒரு புள்ளி ஒருபோதும் புள்ளியாக விழாது, சிறு வட்டமாக விழும். திறப்பு சிறுக்கச் சிறுக்க வட்டம் பெருக்கும். பச்சை ஒளிக்கு எஃப்/2.8இல் அதன் விட்டம் 3.8 மைக்ரான், எஃப்/8இல் 10.7, எஃப்/16இல் 21. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவின் ஒரு பிக்சல் 6 மைக்ரான். ஆக எஃப்/8ஐத் தாண்டினால் மிகச் சிறந்த லென்ஸும் சுமாரான லென்ஸும் இயற்பியலின் அதே சுவரில் முட்டி ஏறத்தாழ ஒரே படத்தைத் தரும். மலையையும் வயலையும் எஃப்/8இல், எஃப்/11இல் எடுப்பவர் இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கும் கூர்மை படத்துக்கு வந்து சேர்வதே இல்லை.

எஃப்/2.8இல் மூலைகளில் வேறுபாடு இருக்கிறதுதான். ஆனால் மண்டபத்தில் எஃப்/2.8இல் எடுக்கும் படத்தின் மூலையில் என்ன இருக்கிறது? மங்கிய பூ அலங்காரம். ஆல்பமோ பெரும்பாலும் 12க்கு 36 அங்குலம், ஒரு பக்கம் 12க்கு 18. 24 மெகாபிக்சல் படத்தை அந்தப் பக்கத்தில் முழுசாக அச்சிட்டாலும் அங்குலத்துக்கு 333 புள்ளிகள் கிடைக்கின்றன. கையில் வைத்துப் பார்க்கும் அச்சுக்கு 300 போதும். மூலைக் கூர்மையில் உள்ள சிறு ஏற்றத்தாழ்வு அந்தப் பக்கத்தில் யார் கண்ணுக்கும் தட்டுப்படாது.

ஆனால் ஒன்று நிச்சயம் தட்டுப்படும், அதை யாரும் கடையில் சோதிப்பதில்லை. எதிர் வெளிச்சம். பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். ஜி மாஸ்டர் இரண்டாம் பதிப்பு, சிக்மா ஆர்ட் முதல் பதிப்பு, டாம்ரான் இரண்டாம் பதிப்பு மூன்றிலும், ஒன்றோடொன்று ஒட்டிய கண்ணாடிகளை ஒன்றாக எண்ணினால், 15 தொகுதிகள். தொகுதிக்கு இரண்டு என, காற்றைத் தொடும் பரப்புகள் 30. பூச்சே இல்லாவிட்டால் இந்த லென்ஸ்களில் நுழையும் ஒளியில் 29 விழுக்காடுதான் மறுபக்கம் போய்ச் சேரும், எஃப்/2.8 என்று பெயர்தான் இருக்கும். 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா மெல்லிய பூச்சால் இந்தப் பிரதிபலிப்பைக் குறைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். பூச்சின் மேல்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரு பரப்பின் இழப்பை அரை விழுக்காட்டுக்கு இறக்கினாலே 30 பரப்பைத் தாண்டி 86 விழுக்காடு போய்ச் சேரும். இத்தனை கண்ணாடி கொண்ட இன்றைய ஜூம் லென்ஸ் இந்தப் பூச்சால்தான் சாத்தியமானது என்றால் மிகையில்லை.

இழக்கும் ஒளி வெளியே போய்விட்டால் பரவாயில்லை. உள்ளுக்குள்ளேயே முட்டி மோதி சென்சாரில் பச்சை, ஊதாப் புள்ளிகளாகவோ, படம் முழுக்கப் புகை படிந்தது போலவோ விழும். மேடைக்குப் பின்னால் எல்இடி விளக்குச் சரம், எதிரே வீடியோக்காரரின் விளக்கு, நடுவில் ஹோமப் புகை. இங்கேதான் நல்ல பூச்சுக்குக் கொடுத்த காசு படத்தில் தெரியும். கடையில் லென்ஸை மாட்டி, செல்போன் டார்ச்சைப் படத்தின் மூலையில் வரும்படி பிடிக்கச் சொல்லி எல்லாக் குவியத் தொலைவிலும் எடுத்துப் பாருங்கள். எந்த வரைபடமும் சொல்லாததை அந்தப் படங்கள் சொல்லும்.

கிட்டத்தில் எடுப்பதிலும் பெட்டியில் எழுதியிருக்கும் எண் ஏமாற்றும். சிக்மாவின் முதல் பதிப்பு அதிகபட்சம் 0.34 மடங்கு, சோனியின் இரண்டாம் பதிப்பு 0.32 மடங்கு. ஒன்றுதானே என்று தோன்றும். சிக்மாவுக்கு அது 24 மி.மீ.யில், 18 செ.மீ. தூரத்தில் கிடைக்கிறது. அந்தத் தூரத்தைச் சென்சாரிலிருந்து அளக்க வேண்டும். லென்ஸின் நீளத்தைக் கழித்தால் கண்ணாடிக்கும் தாலிக்கும் இடையே ஏறத்தாழ 4 செ.மீ.தான் மிஞ்சும். லென்ஸின் நிழலே பொருள் மேல் விழும், பொருளின் வடிவமும் இழுபடும். சோனிக்கு அது 70 மி.மீ.யில், 30 செ.மீ.யில் கிடைக்கிறது, வெளிச்சம் உள்ளே வர இடம் இருக்கும், மோதிரம் வட்டமாகவே இருக்கும். நகை, மருதாணி, முடிச்சு என்று நுணுக்கப் படங்கள் அதிகம் எடுப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். சோனியின் முதல் பதிப்புக்கு 0.24 மடங்குதான்.

எடை பற்றி இளம் வயதில் யாரும் யோசிப்பதில்லை. ஜி மாஸ்டர் முதல் பதிப்பு 886 கிராம். இரண்டாம் பதிப்பு 695. சிக்மா ஆர்ட் முதலில் 830 அளவில் இருந்து பிறகு 740 பக்கம் வந்தது. டாம்ரான் இரண்டாம் பதிப்பு 540. வரவேற்பு மாலையிலிருந்து மறுநாள் பந்தி வரை கேமராவைத் தூக்கி நிற்பவரின் மணிக்கட்டுக்கும் கழுத்துக்கும் அந்த 300 கிராம் சின்ன விஷயமல்ல. சோர்ந்த கை நல்ல கோணத்தைத் தேடிப் போகாது. நின்ற இடத்திலேயே நிற்கும். எடையைப் படத்தின் தரத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்பேன்.

ஃபோகஸ் வேகத்தில் இன்று எல்லாமே நன்று. இரண்டு வேறுபாடுகள் மட்டும் முக்கியம். சோனியின் அதிவேக பாடிகள் வினாடிக்கு 30 படம், 120 படம் என்று எடுக்கும்போதும், தொடர் ஃபோகஸில் பிற நிறுவன லென்ஸ்களுக்கு 15 தான் உச்சம். ஃபோகஸ் மாறும்போது காட்சி சற்றே விரிந்து சுருங்குவதைத் திருத்தும் வசதியும் சோனியின் லென்ஸ்களுக்கே கிடைக்கும். விளையாட்டு எடுப்பவருக்கும் சினிமா எடுப்பவருக்கும் சோனி லென்ஸையே வாங்க இவை போதுமான காரணம். ஏ7 நான்காம் பதிப்பு போல வினாடிக்கு 10 படம் எடுக்கும் பாடியில் முதல் தடையால் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயம். நீங்கள் வாங்குவது 'சிக்மா ஆர்ட்' என்ற மாடலை அல்ல. தொழிற்சாலையிலிருந்து வந்த ஒரு குறிப்பிட்ட லென்ஸை. பதினேழு, பத்தொன்பது, இருபது கண்ணாடிகள், அவற்றில் பல நகர்பவை. ஒன்று மயிரிழை சாய்ந்திருந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மங்கும். அமெரிக்காவில் லென்ஸ் வாடகை நிறுவனமான லென்ஸ்ரென்டல்ஸை நிறுவிய ரோஜர் சிகாலா, ஒரே மாடலின் பல பிரதிகளை ஆப்டிகல் பெஞ்சில் வைத்து அளந்து முடிவுகளைத் தொடர்ந்து வெளியிட்டவர். இரண்டு பிரதிகள் அச்சாக ஒன்றுபோல் இருப்பதில்லை, குவியத் தொலைவு மாறாத பிரைம் லென்ஸ்களைவிட ஜூம்களில் இந்த ஏற்றத்தாழ்வு அதிகம் என்பதை அவருடைய அளவுகள் காட்டின. ஒரு மாடலுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாட்டைவிட, ஒரே மாடலின் நல்ல பிரதிக்கும் சுமாரான பிரதிக்கும் உள்ள வேறுபாடு பெரிதாக இருக்க முடியும். இணையத்தில் யாரோ ஒருவர் ஒரு பிரதியை வைத்துச் சொன்ன தீர்ப்பு உங்கள் பிரதிக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை.

சோதிப்பது எளிது, அரை மணி நேரம் போதும். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். தொலைவில் நுண்விவரம் நிறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கம்பிகள் தெரியும் செல்போன் கோபுரம் நல்லது. சுவரை எடுக்க வேண்டாம், கேமரா சுவருக்கு நேராக இல்லாவிட்டால் லென்ஸ் மேல் பழி விழும். கோபுரத்தை முதலில் நடுவிலும் பிறகு நான்கு மூலைகளிலும் வைத்து, ஒவ்வொரு முறையும் அதன் மேலேயே ஃபோகஸ் செய்து எடுங்கள். 24, 35, 50, 70 நான்கிலும், எஃப்/2.8இலும் 5.6இலும். மூலைகள் நடுவைவிட மங்கலாக இருந்தால் பரவாயில்லை, அது எல்லா லென்ஸுக்கும் உண்டு. நான்கு மூலைகளும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்க வேண்டும். இடது மேல் மூலை மட்டும் மங்கி, 5.6இலும் தேறாவிட்டால் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே காட்சியை எடுங்கள். மங்கல் காட்சியின் அதே பக்கத்தில் நின்றால் குறை காட்சியில். கேமராவோடு சேர்ந்து எதிர்ப்பக்கம் போனால் குறை லென்ஸில், அல்லது அது உட்காரும் மவுன்டில். வேறு லென்ஸ் மாட்டிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். லென்ஸ்தான் என்றால் தயங்காமல் மாற்றிக் கேளுங்கள். வாங்கும்போதே மாற்றித் தரும் காலக்கெடு எத்தனை நாள் என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி ஈரப்பதத்தில் எந்த விலை லென்ஸிலும் பூஞ்சை பிடிக்கும். மவுன்டில் இருக்கும் ரப்பர் வளையம் தூறலைத் தடுக்கும், காற்றிலுள்ள ஈரத்தைத் தடுக்காது. நீண்டு சுருங்கும் ஜூம் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுக்கிறது. 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும் டிரை கேபினெட் ஒன்றுக்கும் லென்ஸ் பணத்திலிருந்தே ஒதுக்குங்கள்.

கடைக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் குவியத் தொலைவு, திறப்பு, ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் பதிவாகின்றன. லைட்ரூம் போன்ற மென்பொருளில் கடந்த ஓராண்டுப் படங்களைக் குவியத் தொலைவு வாரியாகவும் திறப்பு வாரியாகவும் பிரித்துப் பாருங்கள். வாடிக்கையாளருக்குக் கொடுத்த படங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவு. 28க்குக் கீழே எத்தனை, எஃப்/4ஐவிடப் பெரிய திறப்பில் எத்தனை, 70இல் முட்டி நின்று இன்னும் நெருங்க வேண்டும் என்று தவித்தவை எத்தனை. உங்கள் தேவையை இதைவிட நேர்மையாகச் சொல்லும் ஆலோசகர் கிடைக்க மாட்டார்.

என் தீர்ப்பைக் கேட்டால் இதுதான். கல்யாணம், மேடை நிகழ்ச்சி, செய்தி என்று மங்கிய வெளிச்சத்தில் அசையும் மனிதர்களை எடுத்துப் பிழைப்பவருக்கு எஃப்/2.8 வேண்டும், 24உம் வேண்டும். அவருக்குச் சிக்மா ஆர்ட் போதும், மிஞ்சும் பணத்தில் ஒரு 85 மி.மீ. பிரைம் வாங்கட்டும். அதிவேக பாடியில் விளையாட்டு எடுப்பவரும், நாள் முழுக்க லென்ஸைச் சுமந்தாலும் எதையும் விட்டுக்கொடுக்க முடியாதவரும், நகை நுணுக்கம் எடுப்பவரும் ஜி மாஸ்டர் இரண்டாம் பதிப்புக்குப் பணம் கொடுக்கலாம், வீண் போகாது. கோயில், ஊர், மலை, பயணம் என்று போகிறவருக்கு 663 கிராமில் 105 வரை போகும் 24-105 எஃப்/4ஐவிடப் பொருத்தமானது இந்த வரிசையில் இல்லை. அகலத்துக்குத் தனி லென்ஸ் வைத்திருப்பவர் டாம்ரானை எடுத்துத் தோளைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஏற்கெனவே 2016ஆம் ஆண்டு ஜி மாஸ்டர் கையில் இருந்து, அது நான்கு மூலைச் சோதனையில் தேறிவிட்டால், அதை விற்க வேண்டாம்.